கர்ப்பிணியின் தட்டு முதல் தாய்ப்பால் வரை: வீட்டாருக்கு ஒரு வழிகாட்டி

நம் வீடுகளில் கர்ப்பிணிக்குச் சாப்பாடு போடும் வழக்கத்தில் ஒரு முரண் உண்டு. வயிற்றில் பிள்ளை இருக்கும்போது "ரெண்டு உயிருக்குச் சாப்பிடணும்" என்று சொல்லித் தட்டை நிரப்புகிறோம். வளைகாப்பு அன்று ஐந்து வகைக் கலவை சாதம் செய்து ஊருக்கே பரிமாறுகிறோம். பிள்ளை பிறந்த மறுநாளே அதே பெண்ணுக்குப் பத்தியம் என்ற பெயரில் குழைந்த சோற்றையும் மிளகு ரசத்தையும் மட்டும் வைத்து, தண்ணீரைக்கூட அளந்து கொடுக்கிறோம். உடலின் கணக்கோ இதற்கு நேர்மாறாக இருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பரிந்துரைப்படி, கர்ப்பிணிக்கு வழக்கமான உணவுக்கு மேல் நாளொன்றுக்கு 350 கிலோ கலோரி கூடுதலாகத் தேவை. பிரசவத்துக்குப் பின் முதல் ஆறு மாதம் பால் கொடுக்கும் தாய்க்கு 600 கிலோ கலோரி கூடுதலாகத் தேவை.

350 கிலோ கலோரி என்பது இரண்டாவது ஆளுக்கான சாப்பாடு அல்ல. சாம்பாருடன் இரண்டு இட்லி, அவித்த முட்டை ஒன்று, ஒரு சிறு டம்ளர் பால், ஏறத்தாழ அவ்வளவுதான். ஆகவே கர்ப்ப காலத்தில் கூடுதலாகப் போட வேண்டியது ஒரு சிற்றுண்டி அளவு. பிரசவத்துக்குப் பின் போட வேண்டியது அதைவிடப் பெரிதாக, கிட்டத்தட்ட ஒரு முழு வேளைச் சாப்பாடு. இரண்டு பிள்ளைகளுக்குப் பால் கொடுத்தவள் என்ற முறையிலும், பிறகு தங்கையின் பிரசவத்தின்போது அருகில் இருந்து சமைத்தவள் என்ற முறையிலும், இதைக் கர்ப்பிணியைவிட அவளுக்குச் சமைத்துப் போடுபவர்களுக்காகவே எழுதுகிறேன். பிள்ளை பெற்றவள் அடுக்களையில் நின்று தன் தட்டைத் தானே முடிவு செய்யும் நிலையில் இருப்பதில்லை.

முதல் மூன்று மாதங்கள்

இந்தக் காலத்தில் கூடுதலாகச் சாப்பிடச் சொல்லி வற்புறுத்தத் தேவையில்லை. மசக்கையில் தாளிக்கும் வாசனையே குமட்டும் பெண்ணிடம் தட்டை நீட்டிப் பயனில்லை. படுக்கையை விட்டு எழுவதற்கு முன் ஒரு கைப்பிடி பொரியோ வறுத்த கடலையோ கொடுத்து, பிறகு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுத்தால் போதும். குடித்த தண்ணீர்கூடத் தங்காமல் வாந்தியாகி, சிறுநீர் குறைந்து அடர் மஞ்சளாகப் போனால் மட்டும் மருத்துவமனைக்கு உடனே போக வேண்டும்.

இந்த மூன்று மாதங்களில் தவறக் கூடாதவை இரண்டு. ஒன்று, நாளொன்றுக்கு 400 மைக்ரோகிராம் ஃபோலிக் அமில மாத்திரை; குழந்தையின் மூளையும் தண்டுவடமும் உருவாகும் முதல் சில வாரங்களில்தான் இது வேலை செய்கிறது. மற்றொன்று, பன்னிரண்டு வாரங்களுக்குள் கிராம சுகாதார செவிலியரிடமோ நகர்ப்புற சுகாதார நிலையத்திலோ பதிவு செய்து பிக்மி எண் (அரசின் கர்ப்பிணிப் பதிவு எண்) வாங்கிக்கொள்வது. தமிழ்நாட்டில் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் 18,000 ரூபாய்க்கும் (ஊட்டச்சத்துப் பெட்டகங்களின் மதிப்பும் இதில் அடக்கம்), அங்கன்வாடியில் தரும் சத்துமாவுக்கும், பிற்பாடு பிறப்புச் சான்றிதழுக்கும் அந்தப் பதிவிலிருந்தே வழி பிறக்கிறது. தனியார் மருத்துவமனையில் காட்டுபவர்களும் இந்த எண்ணை வாங்கிக்கொள்ள வேண்டும். "அங்கன்வாடி மாவு எதற்கு" என்று அதைக் கோழிக்குப் போடும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். கோதுமையும் கேழ்வரகும் பருப்பும் கலந்த மாவு அது. வெல்லம் சேர்த்துக் கொழுக்கட்டையாகப் பிடித்தாலோ, தோசை மாவில் ஒரு கரண்டி கலந்து ஊற்றினாலோ வீட்டில் எல்லோருமே சாப்பிடுவார்கள். ஆனால் அது எல்லோருக்கும் பங்கு போட வந்ததல்ல என்பதைச் சமைப்பவர் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ரத்தம்

2019-21இல் நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டுக் கர்ப்பிணிகளில் ஏறத்தாழப் பாதிப் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ஹீமோகுளோபின் 11 கிராமுக்குக் கீழே இருந்தால் கர்ப்பிணிக்கு ரத்தசோகை என்று பொருள்; 7 கிராமுக்குக் கீழே போனால் அது தீவிர நிலை, மருத்துவமனையில்தான் கவனிக்க வேண்டும். பிரசவத்தின்போது எல்லோருக்கும் ரத்தம் போகும். ஏற்கெனவே ரத்தம் குறைந்திருக்கும் பெண்ணால் அந்த இழப்பைத் தாங்க முடிவதில்லை.

நான்காம் மாதத்திலிருந்து தரப்படும் சிவப்பு மாத்திரையில் 60 மில்லிகிராம் இரும்பும் 500 மைக்ரோகிராம் ஃபோலிக் அமிலமும் உள்ளன. கர்ப்பத்தில் 180 நாள், பிரசவத்துக்குப் பின் 180 நாள் என்பது கணக்கு. மாத்திரை வீட்டில் இருப்பதும் உடம்பில் சேர்வதும் வேறு வேறு என்பதை இந்த மாத்திரையைப் போல எதுவும் காட்டுவதில்லை. காலையில் காபியோடு போட்டுக்கொண்டால் காபியில் உள்ள பொருள்கள் இரும்பைப் பிடித்துவைத்துக்கொள்கின்றன. சுண்ணாம்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போட்டாலும் அதே கதைதான். வெறும் வயிற்றில் போட்டால் நன்றாகச் சேரும், ஆனால் பலருக்குக் குமட்டுகிறது. குமட்டிய மூன்றாம் நாள் மாத்திரை அட்டை தலையணைக்கு அடியில் போய்விடுகிறது. ஆகவே நடைமுறையில் ஒத்துவருவது இதுதான்: சுண்ணாம்புச்சத்து மாத்திரையைக் காலை உணவோடும் மதிய உணவோடும் முடித்துவிட்டு, இரும்பு மாத்திரையை இரவுச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரத்துக்குப் பிறகு, எலுமிச்சைச் சாறு கலந்த தண்ணீரோடு விழுங்கிவிட்டுப் படுத்துக்கொள்வது. மலம் கறுத்துப் போகும். அது மாத்திரையின் நிறம், பயப்பட வேண்டாம். நான்காம் மாதத்துக்குப் பின் ஒருமுறை தரும் பூச்சி மாத்திரையையும் ஒதுக்கக் கூடாது, கொக்கிப்புழு இருக்கும் குடலில் எவ்வளவு இரும்பு போட்டாலும் ஓட்டைப் பானையில் ஊற்றிய தண்ணீர்தான்.

உணவைப் பொறுத்தவரை, பீட்ரூட்டும் மாதுளையும் ரத்தம் ஊற வைக்கும் என்பது நிறத்தைப் பார்த்து எடுத்த முடிவு. அவற்றைச் சாப்பிடுவதில் தவறில்லை, ஆனால் கிலோ மாதுளைக்குக் கொடுக்கும் காசில் ஒரு வாரத்துக்கு முட்டை வாங்கலாம். அசைவம் சாப்பிடும் வீட்டில் ஆட்டுச் சுவரொட்டியை வாரம் ஒருமுறை வதக்கிக் கொடுப்பது பழைய வழக்கம். அதில் அர்த்தம் இருக்கிறது, ஏனென்றால் இறைச்சியில் உள்ள இரும்பு செடிகளில் உள்ள இரும்பைவிட எளிதாக உடம்பில் சேர்கிறது. சைவ வீட்டில் முருங்கைக்கீரை, தட்டைப்பயறு, கொள்ளு, எள் ஆகியவற்றைக் கொடுக்கும்போது அதே வேளையில் நெல்லிக்காயோ எலுமிச்சையோ கொய்யாவோ சேர வேண்டும்.

சோற்று மலையும் பருப்புத் தண்ணீரும்

நம் தட்டின் உண்மையான குறை அளவில் இல்லை, விகிதத்தில் இருக்கிறது. சோறு மலையாக இருக்கும். சாம்பாரில் பருப்பு தேடினாலும் கிடைக்காது. கடைசி மூன்று மாதங்களில் கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு 22 கிராம் புரதம் கூடுதலாகத் தேவை என்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்கிறது. ஒரு முட்டையில் 6 கிராம், ஒரு டம்ளர் பாலில் 6 கிராம், ஐம்பது கிராம் கொண்டைக்கடலையை ஊறவைத்துச் சுண்டல் செய்தால் அதில் ஏறத்தாழ 10 கிராம். கணக்கு அங்கேயே முடிந்துவிட்டது. விலை உயர்ந்த புரதப் பவுடர் டப்பா எதுவும் தேவைப்படவில்லை. முட்டை சாப்பிடாதவர் இன்னொரு கைப்பிடி பயறும் ஒரு கிண்ணம் தயிரும் சேர்த்துக்கொள்ளலாம்.

"அதிகம் சாப்பிட்டால் பிள்ளை பெருத்துவிடும், ஆபரேஷன் ஆகிவிடும்" என்று எட்டாம் மாதத்தில் உணவைக் குறைப்பவர்கள் உண்டு. பிள்ளை அளவுக்கு மீறிப் பெருப்பதற்குப் பெரும்பாலும் காரணம் தாயின் ரத்தத்தில் கட்டுப்படாத சர்க்கரை. அதைக் கண்டுபிடிக்கப் பரிசோதனை இருக்கிறது. 75 கிராம் குளுக்கோஸைத் தண்ணீரில் கரைத்துக் குடித்து, இரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுத்தால் 140 மில்லிகிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். வெறும் வயிற்றோடு வர வேண்டிய அவசியம் இல்லாத இந்த எளிய முறையைப் பரவலாக்கியவர் சென்னையின் டாக்டர் வீ. சேஷய்யா, அவருடைய பிறந்த நாளான மார்ச் 10, கர்ப்பகால நீரிழிவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. சர்க்கரை கூடியிருந்தால் பட்டினி போடக் கூடாது. சோற்றைக் குறைத்துக் காயையும் பயறையும் கூட்டி, மூன்று பெரிய வேளைகளை ஆறு சிறிய வேளைகளாகப் பிரிக்க வேண்டும்.

பப்பாளிக் காயைத் தவிர்ப்பது நல்லது. நன்றாகப் பழுத்த பழத்தில் ஒரு துண்டு சாப்பிட்டுவிட்டு யாரும் இரவெல்லாம் அழ வேண்டியதில்லை. குங்குமப்பூ பிள்ளையின் நிறத்தை மாற்றாது.

பிறந்த ஒரு மணி நேரத்துக்குள்

உலக சுகாதார நிறுவனம் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் குழந்தையை மார்பில் போடச் சொல்கிறது. ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் கொடுக்கச் சொல்கிறது. முதல் சில நாள் சுரக்கும் சீம்பால் கெட்டியாகவும் மஞ்சளாகவும் சொட்டுச் சொட்டாகவும் இருக்கும். அதைக் "கெட்ட பால்" என்று பீய்ச்சிக் கீழே விடும் வழக்கம் குறைந்துவிட்டது. ஆனால் "இது எப்படிப் போதும்" என்ற சந்தேகம் அப்படியே இருக்கிறது. முதல் நாள் குழந்தையின் வயிறு கொள்ளும் அளவே ஒரு வேளைக்கு 5 முதல் 7 மில்லி, அதாவது ஒரு தேக்கரண்டியைவிடச் சற்றுக் கூடுதல். சொட்டாக வருவது அந்த வயிற்றுக்கு ஏற்ற அளவே. சேனை வைப்பதற்காகச் சர்க்கரைத் தண்ணீரையோ தேனையோ நாக்கில் தொடுவதை மரியாதையோடு மறுத்துவிட வேண்டும். ஒரு வயதுக்குள் தேன் கொடுப்பது உண்மையிலேயே ஆபத்தானது; அதில் இருக்கக்கூடிய ஒரு வகைக் கிருமியின் விதைகளை அந்தக் குடலால் சமாளிக்க முடியாது. குடும்பத்துப் பெரியவர் ஆசைக்கு உதட்டில் ஒரு சொட்டுச் சீம்பாலைத் தொட்டு வைக்கட்டும், சேனையும் ஆயிற்று.

2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 44.9 சதவீதப் பிரசவங்கள் சிசேரியன். அறுவை முடிந்த தாயிடம் முதல் மணி நேரத்தில் குழந்தையை யாரும் தாமாகக் கொண்டுவந்து வைப்பது அரிது. கேட்டால் பல இடங்களில் வைப்பார்கள். ஆகவே தேதி குறிக்கும் நாளிலேயே மருத்துவரிடமும் செவிலியரிடமும் இதைச் சொல்லி வைக்க வேண்டும். முதுகில் ஊசி போட்டு மரத்திருக்கும் தாய் எழுந்து உட்காரத் தேவையில்லை. அருகில் நிற்கும் அம்மாவோ அக்காவோ குழந்தையை மார்பின் குறுக்கே வைத்துப் பிடித்துக்கொண்டால் போதும்.

குழந்தையை மார்பில் பிடிக்கும் முறை

பால் கொடுப்பதில் வரும் தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே தொடங்குகின்றன. தாய் முதலில் முதுகுக்குத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்கார வேண்டும். குழந்தைமேல் குனிந்து உட்கார்ந்தால் இரண்டாம் நாளே இடுப்பு விட்டுப் போகும். குழந்தையின் காதும் தோளும் இடுப்பும் ஒரே கோட்டில், அதன் வயிறு தாயின் வயிற்றை ஒட்டியபடி, மூக்கு காம்புக்கு நேராக இருக்க வேண்டும். இரண்டு விரல்களைக் கத்தரிக்கோல் போல வைத்துக் காம்பைப் பிதுக்கிக் கொடுப்பது பரவலான பழக்கம். அந்த விரல்களே குழந்தையின் வாய்க்கு இடம் இல்லாமல் செய்துவிடுகின்றன. கட்டைவிரல் மேலேயும் மற்ற நான்கு விரல்கள் கீழேயுமாக, காம்பைவிட்டுத் தள்ளி மார்பைத் தாங்க வேண்டும். காம்பால் குழந்தையின் மேலுதட்டை மெல்ல வருடினால் அது கொட்டாவி விடுவதுபோல் வாயைத் திறக்கும். அந்தக் கணத்தில் குழந்தையை மார்புக்குக் கொண்டுவர வேண்டும். மார்பை இழுத்துக் குழந்தையின் வாயில் திணிக்கக் கூடாது.

சரியாகப் பிடித்துவிட்டால், கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்கும்; தாடை மார்பில் பதிந்திருக்கும்; காம்பைச் சுற்றியுள்ள கருவட்டம் மேலுதட்டுக்கு மேலே கூடுதலாகவும் கீழே மிகக் குறைவாகவும் தெரியும். வேகமாகச் சப்பத் தொடங்கும் குழந்தை, பால் இறங்கியதும் நிதானமாகி, இரண்டு மூன்று இழுப்புக்கு ஒருமுறை "க்" என்று விழுங்கும் ஒலி கேட்கும். "ச்சு ச்சு" என்று சத்தம் வந்தாலோ, கன்னம் குழிந்தாலோ, தாய்க்கு வலி தொடர்ந்து நீடித்தாலோ குழந்தை காம்பை மட்டும் கடித்துக்கொண்டிருக்கிறது. சுண்டுவிரலை வாயின் ஓரத்தில் நுழைத்து விடுவித்து மறுபடி முதலிலிருந்து தொடங்க வேண்டும், பத்து முறை ஆனாலும் பரவாயில்லை. காம்பு வெடிப்புக்குக் களிம்பு தேடுவதற்கு முன் செய்ய வேண்டிய வைத்தியம் இது. பால் கொடுத்து முடித்தபின் கடைசிச் சொட்டுப் பாலைக் காம்பிலேயே தடவிக் காற்றாட விடலாம்.

"பால் பத்தல"

என் மூத்த மகன் பிறந்த இரண்டாம் இரவு அவன் கண் மூடவே இல்லை. மார்பில் போட்டால் சப்புவான், எடுத்தால் அழுவான். இரவு இரண்டு மணிக்கு வார்டில் விழித்திருந்த அத்தனை பேரும் ஒரே குரலில் சொன்ன தீர்ப்பு: "தாய்க்குப் பால் பத்தல." எங்கிருந்தோ ஒரு பால் பவுடர் டப்பாவும் ஒரு புட்டியும் வந்தன. அவன் குடித்துவிட்டு நான்கு மணி நேரம் தூங்கினான், எல்லோரும் தூங்கினார்கள். மூன்றாம் நாள் என் மார்பு கல்லாகக் கட்டிக்கொண்டது, குடிக்க வேண்டியவன் புட்டியில் வயிறு நிரம்பிக் கிடந்தான். அந்தப் புட்டியை விலக்க எனக்கு ஐந்து வாரம் ஆயிற்று.

அன்று எனக்கு யாரும் சொல்லாத செய்தி இதுதான்: இரண்டாம் இரவு குழந்தை ஓயாமல் சப்புவது பால் இல்லாததால் அல்ல, பாலை வரவழைப்பதற்காக. எவ்வளவு பால் எடுக்கப்படுகிறதோ அவ்வளவு ஊறும்; எடுக்காமல் தேங்கினால் ஊறுவது குறையும். ஒரு வேளை புட்டி கொடுத்தால் ஒரு வேளை மார்பு காலியாகவில்லை, அடுத்த நாள் அந்த அளவு பால் குறைகிறது, அதைப் பார்த்து இன்னொரு வேளை புட்டி. இப்படித்தான் நன்றாகப் பால் ஊறக்கூடிய தாயிடம்கூடப் பால் வற்றுகிறது. ஒரு நாளைக்கு எட்டு முதல் பன்னிரண்டு முறை, இரவிலும் விடாமல், கடிகாரம் பார்க்காமல் குழந்தை கேட்கும்போதெல்லாம் கொடுக்க வேண்டும். பால் சுரக்கவைக்கும் இயக்குநீர் இரவில்தான் அதிகம் ஊறுவதால், "ராத்திரி நாங்க பாத்துக்கறோம், நீ தூங்கு" என்று அன்பாகப் புட்டி கொடுப்பது உதவியாகாது. குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு, குடித்தபின் வாங்கித் தோளில் போட்டு ஏப்பம் விடவைத்து, துணி மாற்றித் தூங்க வைப்பது அப்பாவோ பாட்டியோ செய்யக்கூடிய உண்மையான உதவி.

பால் போதுகிறதா என்பதை மார்பின் அளவையோ குழந்தையின் அழுகையையோ வைத்து முடிவு செய்யக் கூடாது. சிறுநீரை எண்ண வேண்டும். முதல் நாள் ஒருமுறை, இரண்டாம் நாள் இரண்டுமுறை என்று ஏறி, ஐந்தாம் நாளுக்குப் பின் இருபத்துநான்கு மணி நேரத்தில் ஆறு முறைக்குக் குறையாமல் வெளுத்த சிறுநீர் போனால் பால் போதுகிறது. முதலில் கறுப்பாகப் போகும் மலம் ஐந்தாம் நாள் வாக்கில் கடுகு மஞ்சளாக மாறியிருக்கும். பிறந்தவுடன் எடை சற்றுக் குறைவது இயல்பு. இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் திரும்ப எட்டிவிட வேண்டும். அழக்கூடத் தெம்பில்லாமல் தூங்கிக்கொண்டே இருக்கும் குழந்தை, சிறுநீர் குறைந்த குழந்தை, உள்ளங்கை உள்ளங்கால்வரை மஞ்சளேறிய குழந்தை ஆகியவற்றை அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். மருத்துவர் காரணம் சொல்லிச் சில நாள் கூடுதல் பால் கொடுக்கச் சொன்னால் அதைத் தோல்வியாக நினைக்க வேண்டாம். அப்போதும் தாயின் பாலைப் பீய்ச்சி எடுப்பதை நிறுத்தாமல் இருந்தால் போதும். எடை குறைந்தும் குறைமாதத்திலும் பிறந்த குழந்தைகளுக்குக் கொடையாகப் பெற்ற பாலைத் தரும் தாய்ப்பால் வங்கிகள் சில அரசு மருத்துவமனைகளில் உள்ளன.

பால் பவுடருக்கு விளம்பரம் செய்வதையும் தாய்மார்களுக்கு இலவச டப்பா கொடுப்பதையும் 1992ஆம் ஆண்டின் சட்டம் தடை செய்திருக்கிறது. கையில் இலவசமாக டப்பா தருபவர் யாராக இருந்தாலும் சட்டத்தை மீறுகிறார்.

பத்தியத்தில் எதை வைத்துக்கொள்வது

பத்தியம் முழுவதையும் மூடநம்பிக்கை என்று தள்ளிவிட எனக்கு மனமில்லை. நல்லெண்ணெயில் வதக்கிய பூண்டுக் குழம்பு, பால்சுறாப் புட்டு, கருப்பட்டி, முருங்கைக்கீரைப் பொரியல் எல்லாம் நல்ல உணவு. அதைவிட, தாய் ஓய்வாக உட்கார்ந்து, வேறொருவர் சமைத்ததைச் சூடாகச் சாப்பிடும் நாற்பது நாள் என்பதே பெரிய விஷயம். பூண்டு பாலை ஊற்றெடுக்க வைக்கும் என்று நம்பி, குழந்தையை மார்பில் போடாமல் பூண்டை மட்டும் கூட்டினால்தான் தவறு. தாய் சாப்பிடுவது பெரும்பாலும் தாயின் உடம்பைக் காப்பதற்கு. பால் ஊறுவது குழந்தை சப்புவதால்.

விட்டுவிட வேண்டியவை: தண்ணீரைக் குறைப்பது, காயையும் பழத்தையும் தயிரையும் "குளிர்ச்சி" என்று நிறுத்துவது, பருப்பை "வாயு" என்று ஒதுக்குவது. "தண்ணீர் குடித்தால் வயிறு போடும், தையலில் சீழ் பிடிக்கும்" என்பது உண்மையல்ல. தண்ணீரும் காயும் குறைந்தால் வருவது மலச்சிக்கல், தையல் போட்ட உடம்பில் அந்த வேதனை சொல்லி மாளாது. ஒவ்வொரு முறை பால் கொடுக்க உட்காரும்போதும் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு சொம்பு தண்ணீர் வைத்துவிட்டால் போதும், தாகம் பார்த்துக்கொள்ளும். சேர்மானம் தெரியாத லேகியத்தைத் தாய்க்கும், வசம்பு, உரை மருந்து, கிரைப் வாட்டர் ஆகியவற்றைக் குழந்தைக்கும் கொடுக்க வேண்டாம். சித்திரை வெயிலில் பிறந்த குழந்தைக்கும் தனியாகத் தண்ணீர் தேவையில்லை, தாய்ப்பாலில் ஏறத்தாழ 88 சதவீதம் தண்ணீர்தான். தாய்ப்பாலைத் தவிர வேறெதுவும் வேண்டாம் என்பதற்கு மருத்துவர் எழுதித் தரும் வைட்டமின் டி சொட்டு மட்டும் விலக்கு.

பால் கட்டிக்கொண்டால் கொடுப்பதற்கு முன் வெந்நீர்த் துணியால் ஒற்றடம், கொடுத்தபின் குளிர்ந்த துணி. குடிக்காமல் மிஞ்சியதில் இறுக்கம் தளரும் அளவுக்கு மட்டும் பீய்ச்சி எடுக்க வேண்டும். ஓரிடம் சிவந்து வலித்துக் காய்ச்சலும் குளிரும் வந்தால் மருத்துவரைப் பார்க்க வேண்டும், ஆனால் பால் கொடுப்பதை நிறுத்தக் கூடாது. சாதாரணக் காய்ச்சல், சளி, தைராய்டு மாத்திரை எதற்கும் பாலை நிறுத்தத் தேவையில்லை.

வேலைக்குத் திரும்பும்போது

2017ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் மகப்பேறுக்கான சம்பள விடுப்பை, முதல் இரண்டு குழந்தைகளுக்கு, 26 வாரமாக உயர்த்தியது. குழந்தைக்குப் பதினைந்து மாதம் ஆகும்வரை வேலை நேரத்தில் பால் கொடுக்க இரண்டு இடைவேளைகளும் உண்டு. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும். தமிழ்நாடு அரசு ஊழியர்களுக்கு 2021 முதல் ஓராண்டு விடுப்பு. சித்தாள் வேலைக்கும் வீட்டு வேலைக்கும் போகும் பெண்ணுக்கு இவற்றில் எதுவும் எட்டுவதில்லை. அவளுக்குத்தான் பீய்ச்சி வைக்கும் முறை முதலில் தெரிய வேண்டும்.

வேலைக்குப் போவதற்கு இரண்டு வாரம் முன்பே, காலையில் முதல் முறை கொடுத்தபின் கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, கொதிக்கவைத்து ஆறிய எவர்சில்வர் டம்ளரில் பீய்ச்சிப் பழக வேண்டும். கட்டைவிரலையும் சுட்டுவிரலையும் கருவட்டத்தின் விளிம்பில் வைத்து, முதலில் நெஞ்சுப் பக்கம் அழுத்தி, பிறகு இரண்டையும் சேர்த்து அமுக்கி விட வேண்டும். தோலைத் தேய்த்து இழுக்கக் கூடாது. முதல் சில நாள் ஒரு பாலாடை (குழந்தைக்குப் பால் புகட்டும் மூக்குள்ள சிறு கிண்ணம்) அளவுதான் வரும், அதைப் பார்த்து மனம் தளர வேண்டாம். மூடிவைத்த பால் குளிர்ச்சியான அறையில் நான்கு மணி நேரம் தாங்கும். நம் கோடையில் அதை நம்பாமல் குளிர்சாதனப் பெட்டியின் கதவில் அல்லாமல் உள்தட்டில் வைத்து, இருபத்துநான்கு மணி நேரத்துக்குள் கொடுத்துவிடுவது நல்லது. மேலே ஏடு பிரிந்து நிற்கும், கெட்டுப்போகவில்லை. மெல்லச் சுழற்றினால் கலந்துவிடும். அடுப்பில் வைத்துக் காய்ச்சக் கூடாது. வெந்நீர் இருக்கும் பாத்திரத்துக்குள் டம்ளரை வைத்தால் வெதுவெதுப்பாகும்.

அதைப் புட்டியில் ஊற்றாமல் பாலாடையில் கொடுக்க வேண்டும், நம் பாட்டிகளுக்கு அது கை பழகிய பொருள். குழந்தை நன்றாக விழித்திருக்கும்போது, தலையைச் சற்று நிமிர்த்தி மடியில் வைத்துக்கொண்டு, பாலாடையின் மூக்கைக் கீழுதட்டின் ஓரத்தில் தொட்டு நிறுத்தினால் குழந்தை தானே நாக்கை நீட்டி நக்கத் தொடங்கும். வாய்க்குள் ஊற்றிவிடாமல், ஒவ்வொரு மடக்கும் விழுங்கியதைப் பார்த்தபின் அடுத்ததற்குச் சரிக்க வேண்டும்.